தையல்காரர் வீட்டு நடுத்தாள்

திருடி என்று தையல்காரர் மனைவி இன்னொருதரம் சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது. பேப்பர்க்காரி தாளைத் திருடினாளாம், ஏஜென்ட் துரத்தினாராம், வெட்கம் தாங்காமல் வீட்டை விட்டே ஓடினாளாம். தெருவே வாய் கூசாமல் மெல்கிறது. ஓடுகிறவள் பட்டப்பகலில், பெட்டியும் கையுமாக, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டா போவாள்? நடந்தது இதுதான்.

அவளுக்குப் பதினொரு வயதில் அண்ணன் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். பேப்பர் போடுவது அவன் வேலை. நாலு நாள் விட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். மறுநாளே அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏஜென்ட் கடை முன்னால் போய் நின்றாள்.

“சீட்டுல உட்கார்ந்தா கால் எட்டுமா உனக்கு?”

“சீட்டுல எதுக்கு உட்காரணும்? குரங்குப் பெடல் போட்டா போதும்.”

அப்படியேதான் ஓட்டினாள். அறுபத்திரண்டு வீடு. தனியாக வரும் நடுத்தாளைக் கடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் செருக வேண்டும். விரலெல்லாம் மை. மூன்றாம் மாடிக்குச் சுருட்டி எறிந்தால் பால்கனிக்குள் பொத்தென்று விழும். ஒருமுறைகூடக் கம்பியில் பட்டுத் திரும்பியதில்லை. இரவு வேலை முடிந்து வந்து தூங்கும் நர்ஸம்மா வீட்டில் மட்டும் எறிய மாட்டாள். படியேறிப் போய்ச் சத்தமில்லாமல் கதவிடுக்கில் தள்ளிவிட்டு வருவாள். யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகச் செய்தது.

அண்ணன் கால் சரியானதும், இனி அவனே வரட்டும் என்றார் ஏஜென்ட். நர்ஸம்மா விடவில்லை.

“அண்ணே, அந்தப் புள்ளையே வரட்டும். இவன் வந்தப்ப பேப்பர் பாதி நாள் தண்ணித் தொட்டியிலதான் குளிச்சிட்டு இருந்துச்சு.”

அண்ணனுக்கும் அது கசக்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “மகராசி, நல்லா இரு” என்றான்.

ஆறு வருஷம். மழை, காய்ச்சல், பரீட்சை, எதுவும் அவளை நிறுத்தவில்லை.

ஒருநாள் நடுத்தாளைச் செருகும்போது அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பமும் அதே தாளில். வெட்டி, நிரப்பி அனுப்ப வேண்டும். நகல் எடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். நர்ஸம்மாவைப் பார்த்த நாளிலிருந்து அவள் மனசில் இருந்த படிப்பு அதுதான். ஆனால் பேப்பர்க் கட்டில் கூடுதலாக ஒன்றுகூட இல்லை. அவள் சுற்று முடிப்பதற்குள் கடைகளிலும் விற்றுத் தீர்ந்துவிடும்.

தையல்காரர் பேப்பர் வாங்குவது படிக்க இல்லை, துணிக்கு அளவு வெட்ட. ஒரு தாள் குறைந்தால் என்ன, சுற்று முடித்துவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவர் பேப்பரின் நடுத்தாளை எடுத்துப் பையில் வைத்தாள். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள். அவள் எறிகிற எறியில் வெளித்தாள் கசங்கிவிடும். கசங்காத நடுத்தாளில்தான் அவர் வெட்டுவார். ஆறு வருஷமாக அந்த வீட்டுக்குப் பேப்பர் போட்டவளுக்கு இது தெரியவில்லை.

சுற்று முடித்துக் கடைக்கு வந்தால், தையல்காரர் மனைவி நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

“அச்சடிக்கிற இடத்துலயே விட்டுப் போயிருக்கும்மா. அப்பப்ப நடக்கறதுதான்” என்றார் ஏஜென்ட்.

தலையை ஆட்டியிருந்தால் போதும், தாளும் அவளுக்கு, பேரும் அவளுக்கு. அவள் ஆட்டவில்லை.

“இல்லண்ணே, நான்தான் எடுத்தேன். கேட்காம எடுத்தது தப்பு.”

“தாள்ல கை வச்சவங்களை நான் வச்சுக்க மாட்டேன், தெரியும்ல?”

“தெரியும்ணே.”

அதே சைக்கிளில் தையல்காரர் கடைக்குப் போய், வெட்டாத தாளை அவர் மேசைமேல் விரித்து வைத்தாள். பின்னாலேயே அவர் மனைவியும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

“எதுக்கும்மா எடுத்தே?” என்றார் அவர், கழுத்தில் டேப்போடு.

அவள் விண்ணப்பத்தின்மேல் விரலை வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி விடாமல் படித்தார். பெரிய கத்தரியை எடுத்தார். நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி வெட்டி, விண்ணப்பத்தை அவள் கையில் கொடுத்தார்.

“எனக்கு ஒரு சட்டைக் கைக்குத்தான் தாள் வேணும். மிச்சம் போதும்.”

“நல்லா இருக்கே! எடுத்ததுக்குப் பரிசு வேறயா?” என்றாள் மனைவி.

“வெட்டறது என் வேலை. நீ சும்மா இரு.”

ஏஜென்டிடமும் அவரே போய், தனக்குப் புகார் இல்லை என்று சொன்னார். அதற்கப்புறமும் இரண்டு மாசம் அவள்தான் பேப்பர் போட்டாள். துரத்தினார்களாம்! பயிற்சிக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்து, புறப்படும் நாளன்றுகூட அறுபத்திரண்டு வீட்டுக்கும் போட்டுவிட்டுத்தான் வந்து குளித்தாள்.

அம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “அங்க யாரைடி தெரியும் உனக்கு?”

“இந்த அறுபத்திரண்டு வீட்டுல மட்டும் முன்னாடி யாரைம்மா தெரியும் எனக்கு?”

அம்மா பெட்டியின் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, அவள் கையில் கொடுத்தாள். காலை பத்து மணி. கதவு அகலத் திறந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கி நடந்தாள்.