கீறல் விட்ட ஏணியில் ஏறிய வெள்ளையன்

நான் சொன்னபடியேதான் நடந்தது. "வெள்ளையன் மரத்திலிருந்து விழுந்து சாகமாட்டான், படுத்த பாயில்தான் போவான்" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று விடியற்காலை அப்படியே போய்விட்டான்...

என் தங்கச்சி புருசன். வாழவந்தி நாட்டு மலை ஊர்களில் அவனைப்போல மிளகு பறிக்க ஆள் கிடையாது. எனக்கு அடுத்து.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். ஏணி என்பது ஒற்றை மூங்கில்தான், கணுவில் கால் வைத்து ஏற வேண்டும். உச்சியில் மரத்தோடு கட்டுகிற வரைக்கும் கீழே ஒருத்தன் பிடிக்க வேண்டும். ஏறுகிறவன் உயிர் அவன் கையில்.

வெள்ளையனின் மூங்கில் கீறல் விட்டிருந்தது. "இனி இதுல ஏறுனா எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்று தங்கச்சி சத்தம் போட்டாள். அண்ணன் ஊடு என்றால் என் ஊடு!

அந்த நேரம் பார்த்துத் தோட்டக்கலை ஆபீஸில் மிளகு பறிக்கும் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு அலுமினிய ஏணி. ஆளுக்கொரு மரம், ஒரு மணி நேரம், எடை அதிகம் வைத்தவருக்குப் பரிசு.

மாப்பிள்ளை முந்தின நாள் சோறே சாப்பிடவில்லை. அவ்வளவு டென்ஷன்.

"அந்த ஏணி வந்தாத்தான் மச்சான் இந்த வருசம் மரம் ஏற முடியும்."

"நான் போட்டியில இருக்கறப்ப நீ எப்படி மாப்ள ஜெயிப்ப?"

சிரித்தான்.

விசில் அடித்த கொஞ்ச நேரத்தில் மூடுபனி வந்தது. அதையும் முன்னாடியே சொல்லியிருந்தேன். மரம் எண்பது அடி (முப்பது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்). தரையும் இல்லை, வானமும் இல்லை. வெள்ளை வெள்ளையாக... கொத்து ஒடிகிற சத்தம் மட்டும் மரத்துக்கு மரம். தூங்கிக்கொண்டே பறிக்கிற மாதிரி இருந்தது.

அப்போது ஒரு குரல். "இயேசுவே... இயேசுவே..."

அந்த ஆபீஸுக்குப் புதிதாக வந்த கடற்கரை ஊர்க்காரர். யாருக்கும் பழக்கமில்லை. வீம்புக்குப் பேர் கொடுத்துவிட்டு, உச்சியில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். யாரும் பறிப்பதை நிறுத்தவில்லை.

வெள்ளையன் உச்சிக் கட்டை அவிழ்த்துவிட்டு இறங்கினான். தன் கீறல் விட்ட ஏணியைத் தூக்கிவந்து அந்த மரத்தில் சாய்த்தான். நான் ஓடிப்போய்க் கீழே பிடித்துக்கொண்டேன், அவன் ஏறினான்.

"கீழ பாக்காத சாமி."

"நான் சாமி இல்லீங்க... சேவியர்."

"மரத்து மேல இருக்கறவனெல்லாம் எங்களுக்குச் சாமிதான். எறங்கி வந்து சேவியராயிக்க."

பனிக்குள் எல்லா மரமும் சிரித்தது. சேவியரும் சிரித்துவிட்டார்.

"செவந்த கொத்து தெரியுதா? அதைப் பறி. இப்ப அதுக்குக் கீழ இருக்கறது..." இப்படிக் கொத்துக் கொத்தாகப் பறிக்க வைத்தே அவரைத் தரைக்குக் கொண்டுவந்தான்.

விசில். வெள்ளையன் பை பாதிகூட நிறையவில்லை. ஏணியைப் பிடித்துவிட்டு ஓடிவந்து பறித்தும் முதல் பரிசு எனக்குத்தான். அப்படிப்பட்ட கை இது!

அந்த வருசம் அவன் கீறலுக்குக் கம்பி சுற்றி அதிலேயே ஏறினான். தங்கச்சி சொன்னபடியே என் ஊட்டில் வந்து நாலு நாள் உட்கார்ந்துகொண்டாள். "என் ஏணியை எடுத்துக்க மாப்ள" என்றேன்.

"வேண்டாம் மச்சான். எடுத்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவ."

இன்று மதியம் சேவியர் வந்தார். எங்கேயோ மாற்றலாகிப் போனவர், கேள்விப்பட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறார். மாலையைப் போட்டுவிட்டு நேராக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க கீழ புடிக்கலன்னா ரெண்டு பேருமே போயிருப்போம் அண்ணாச்சி."

கூட்டமே பார்த்தது. "ஆமாங்க" என்றேன். வாய் பழகிவிட்டது...

போய் வா மாப்பிள்ளை.

அந்த ஏணியை அன்றைக்கு யாரும் பிடிக்கவில்லை. நான் அடுத்த மரத்தில் பறித்துக்கொண்டிருந்தேன். பனியில் யாருக்கும் தெரியாது, உனக்குத் தெரியும். நான் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டினாய்.