பூப்போட்ட கிளாஸ்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் கோயில் வளவுக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பாய். நீளமான பாய், ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். அதில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து உள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாயில் ஒன்பது பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து சேனை நறுக்கினார்கள்.

அன்று எங்கள் கிறிஸ்தவ சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம். அசனம் என்றால் சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. காய்கறி நறுக்க வீட்டுக்கு ஒருத்தி வந்தாக வேண்டும், அவரவர் கத்தியோடு. தனியாக இருந்தவளும் கத்தி கொண்டுவந்திருந்தாள். அதை ஒரு துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஊறவைத்த உள்ளியை விரலாலேயே உரித்துவிடலாம். அன்றைக்கு அங்கே கத்தி தேவைப்படாத ஒரே வேலை அதுதான். அதைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

அவள் புருஷன் பம்பாயில் லாரி ஓட்டியவன். காய்ச்சலோடு ஊருக்கு வந்து நான்கு மாதம் கிடந்து இறந்தான். பிறகு அவளுக்கும் அதே நோய் இருப்பதாக டாக்டர் சொன்னார். ஊரில் அதற்கு ‘பம்பாய் தீனம்’ என்று பெயர். நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பாறசாலைப் பகுதிச் செய்திகளை நாகர்கோவில் பஸ்ஸில் கவரில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் நாங்கள் ‘ஆட்கொல்லி நோய்’ என்று எழுதினோம். ஊர்க்காரர்கள் வைத்த பெயரே கொஞ்சம் மரியாதையானது.

சபை அந்த வீட்டைக் கைவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். அந்தப் பிடியரிசி முழுவதையும் மாதர் சங்கம் ஒரு வருஷமாக அவளுக்குத்தான் கொடுத்தது. மரச்சீனிக் கிழங்கு போனது, தேங்காய் போனது. பலாச் சக்கைக் காலத்தில் ஒரே வாரத்தில் பதினான்கு சக்கை போனது. தாயும் மகளுமாக இரண்டே பேர் உள்ள வீடு. ஆனால் எல்லாமே வாசல் கைச்சுவர் வரைதான் போகும். சுவர்மேல் வைத்துவிட்டு, “எடீ, வச்சிருக்கேன்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே போய் உட்கார்ந்து பால் விடாத ஒரு கட்டன் சாயா குடித்து வந்தவர் சபை ஊழியரான உபதேசியாரின் மனைவி மட்டும்.

மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பலசரக்குக் கடைக்காரரின் மனைவி தாய்மார்களிடம் கையெழுத்து வாங்கினார். அந்தப் பிள்ளை வந்தால் எங்கள் பிள்ளைகளைக் குன்னத்துகால் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று காகிதம். பத்துப் பிள்ளை குறைந்தால் டிவிஷன் போய்விடும், ஒரு டீச்சருக்கு வேலை போய்விடும். ஹெட்மிஸ்ட்ரஸும் எங்கள் சபைதான், கெட்டவர் இல்லை. “கொஞ்ச நாள் வீட்டிலே இருக்கட்டும்” என்று சொல்லியனுப்பினார். கொஞ்ச நாள் ஆறு வாரமாயிற்று.

“எனக்கு எத்தனை மாசம் உண்டுன்னு தெரியாது அக்கா. அவ பையும் தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறதை நான் பாக்கணும்” என்று உபதேசியாரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்கு ரத்தம் சோதிக்க மட்டும் அவள் சம்மதிக்கவில்லை. “அதுக்க கையை எதுக்கு குத்தணும்?”

உபதேசியாரின் மனைவி முதலில் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸைக் கூட்டிவந்து மாதர் சங்கத்தில் பேசவைத்தார். தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, ஒரே கிளாஸில் குடித்தால் வராது என்று நர்ஸ் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

“கொசு கடிச்சா?”

“வராது.”

“மூட்டை?”

“மூட்டையும் இல்லை.”

“பின்னே எப்படித்தான் வரும்?” என்று ஒரு பெரியம்மா எரிச்சலோடு கேட்டார். நர்ஸ் அதைச் சொன்னபோது அறையில் பாதிப் பேர் ஜன்னல் வழியே மரச்சீனி விளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துக் காகிதம் அப்படியே இருந்தது.

அதனால்தான் அசனம். பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு பந்தியில் உட்காரவைப்பது, அதை ஹெட்மிஸ்ட்ரஸ் பார்க்கும்படி செய்வது. அவ்வளவுதான் உபதேசியாரின் மனைவியின் திட்டம். காலையில் அவர் ஒரு பூசணிக்காயோடு வந்து காலிப் பாயில் உட்கார்ந்தார்.

“எடீ, ஒம்பது பேரு ஒரு பாயிலே, அதென்ன மீன்கூடையா? ரெண்டு பேரு இஞ்ஞ வாருங்கோ.”

“இருக்கட்டும் அக்கா, இஞ்ஞதான் கதை நல்லாயிருக்கு.”

யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் பூசணிக்காயைப் பிளந்து பாதியை உள்ளிக்காரியின் பக்கம் தள்ளினார். அவள் துணியைப் பிரித்துக் கத்தியை எடுத்தாள்.

பன்னிரண்டரைக்குப் பிள்ளைகளின் பந்தி. வாழையிலை, சோறு, பருப்பு, அவியல். தண்ணீர் எனக்குக் கொடுத்த வேலை. வாயகன்ற கெண்டியில் சீரகத் தண்ணீர். சபைக்குச் சொந்தமான டம்ளர்கள் அலுமினியம், எல்லாம் நெளிந்தவை, மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று. இலை போட்டதும் பலசரக்குக் கடைக்காரரின் மனைவி வந்து உள்ளிக்காரியின் மகளுடைய இலைக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிளாஸை வைத்தார். புதியது, ஒரு பக்கத்தில் சிவப்பு ரோஜாப்பூ.

“அதென்ன தனியா?” என்றார் உபதேசியாரின் மனைவி.

“சும்மா அக்கா. புதுசாக்கும். பிள்ளைக்கு ஆசையாயிருக்கும்.”

“மத்தப் பிள்ளைகளுக்கு ஆசை இல்லியோ?”

“கடையிலே ஒண்ணுதான் உண்டு.”

ரசவாளியோடு நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் கிளாஸைப் பார்த்தார், பிறகு வாளியைப் பார்த்தார். திட்டம் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் கிளாஸை நிறைத்துவிட்டு நகர்ந்தேன்.

நான்கு இலை தாண்டியிருப்பேன், பின்னால் சத்தம்.

“எலே, இதைப் பாருலே! வெள்ளம் ஊத்தினா பூ பெருசாவுது!”

உண்மைதான். தண்ணீர் வழியாக இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்துப் பூ வீங்கித் தெரிந்தது. குடிக்கக் குடிக்க மேலிருந்து சுருங்கியது. பிள்ளைகள் இலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பூவைச் சின்னதாக்க வேண்டுமென்றால் குடிக்க வேண்டும். பெரிதாக்க என்னைக் கூப்பிட வேண்டும். கிளாஸ் அவளுடையது என்பதால் சட்டமும் அவளுடையது.

“ஒரு மடக்குதான் குடிக்கணும். பக்கத்திலே குடுக்கணும். ரெண்டு மடக்கு குடிச்சவனுக்கு இனி கிடையாது!”

பதினொரு முறை ஊற்றினேன். தடுத்திருக்கலாம் என்று பிறகு ஒருவர் சொன்னார். நர்ஸ் சொன்னதை நான் நம்பியிருந்தேன். தவிர, பிள்ளைகள் தண்ணீர் கேட்டார்கள்.

கிளாஸ் பந்தியின் மறுகோடிக்குப் போய்விட்ட நேரத்தில் கடைக்காரரின் மனைவி அவியல் வாளியோடு அங்கே வந்தார். அவருடைய இளைய மகன் கிளாஸை வாயில் கவிழ்த்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எலே!”

பையன் நிதானமாக விழுங்கினான். “அம்மா, இது நம்ம கடை கிளாஸுல்லா?”

கையெழுத்துப் போட்ட தாய்மார்கள் ஒவ்வொருவராகப் பந்தியோரம் வந்தார்கள். அவரவர் பிள்ளையிடம் “நீயும் குடிச்சியா?” என்று கேட்டார்கள். “ரெண்டு வாட்டி” என்று ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். உபதேசியாரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“மக்கா, நர்ஸு சொன்னது மெய்யானா இந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் வராது. பொய்யானா எல்லாத்துக்கும் வந்தாச்சு. ரெண்டானாலும் இனி ஒருத்தியை மட்டும் வீட்டிலே இருத்த முடியுமா? சொல்லு.”

கடைக்காரரின் மனைவி வாளியைக் கீழே வைத்தார். எடுத்தார். “பிள்ளைகளுக்கு அவியல் ஆறுது” என்று யாரிடமோ சொல்லிவிட்டு வரிசையாக விளம்பிக்கொண்டே போனார். ஒரு இலையையும் தாண்டவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் ரசவாளியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். தாய் அங்கேதான் நின்றிருந்தாள்.

“திங்கட்கிழமை அனுப்பு.”

“யூனிபாரம் சின்னதாயிட்டு டீச்சரே.”

“சின்னதானா என்ன, போட்டு அனுப்பு.”

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஐந்து தாய்மார்கள் கொல்லயில் ஊரில் இருந்த நர்ஸின் வீட்டுக்கு நடந்து போனார்கள். நர்ஸ் முன்பு சொன்னதையேதான் சொன்னாள். இந்த முறை யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை என்று அவள் என்னிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை நாகர்கோவில் பஸ்ஸில் கவரைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அசனத்தைப் பற்றி மூன்று வரி அனுப்பியிருந்தேன். முதல் மணி அடித்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. வெளியே, சாலையோரத்தில் தாய் குடையோடு நின்றிருந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை மேஜைமேல் திறந்து வைத்திருந்தார். முப்பத்தொரு பெயர். முப்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள்.