ஒற்றை விரல்

யாராவது என் முதுகுக்குப் பின்னால் நின்று நான் டைப் அடிப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்குக் காரணம் எங்கள் ஆபீசர்.

எண்பதுகளின் நடுவில் வில்லியனூரில் ஒரு சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் ஒன்று வந்து இறங்கியது. யார் கரும்பை எப்போது வெட்டுவது என்று இனி அதுதான் வரிசை போடுமாம். ஏம்பலம் கிராமத்தில் விவசாயிகளைக் கூட்டி அதை இயக்கிக் காட்ட வேண்டும். ஆபீசர் மைக்கில் விளக்குவார், நான் கூடவே அடிக்க வேண்டும்.

"ஒழுங்கா அடிச்சிடு, உன்ன பர்மனென்ட் பண்ணிடறேன்" என்றார்.

ஆனால் அதற்கு முன் ஒரு நாள்கூட மெஷினைத் தொட விடவில்லை. துணி போட்டு மூடி, தன் ரூமிலேயே பூட்டி வைத்துக்கொண்டார் மகராசன். மெட்ராஸ் போய்ப் பயிற்சி எடுத்து வந்ததும் அவர்தான்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் கம்ப்யூட்டரை ஒரு டிவியோடு இணைத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். டிவி என்றதும் ஊரே வந்துவிட்டது. நான் அடித்த ஒவ்வொரு எழுத்தும் அதில் பெரிதாகத் தெரிந்தது. அவர் பேச்சுக்கு விரல் கொஞ்சம் பின்தங்கினாலும் மைக்கிலேயே "சீக்கிரம்மா" என்பார். எப்படியோ கடைசி வரி வரை வந்தேன். தப்பு என்று இங்கிலீஷில் காட்டியது. அதே வரியை மறுபடி அடித்தேன். மறுபடியும் தப்பு.

"இன்னாப்பா, படம் போட மாட்டாங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகை சிரித்தது. ஆபீசரும் சேர்ந்து சிரித்தார்.

மூன்றாவது தடவையும் என்னைத் திண்டாட விட்டுவிட்டு நிதானமாகக் குனிந்தார். விஷயம் இதுதான்: நாங்கள் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய டைப்ரைட்டர்களில் ஒன்று என்ற எண்ணுக்குக் கீயே கிடையாது. ஆங்கிலத்தில் சின்ன 'எல்' எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஆபீசர் அந்த எழுத்தை அழித்துவிட்டு, ஒற்றை விரலால் எண் ஒன்றைத் தட்டினார். வரிசை கடகடவென்று ஓடியது. கைதட்டல்.

"டைப்ரைட்டர்ல பழகுனவங்க எல்லாரும் இப்படித்தான் தப்பு பண்ணுவாங்க, மெட்ராஸ்லயே சொன்னாங்க" என்றார் மைக்கில், பெருமையாக.

அப்படியானால் முதலிலேயே தெரியும். இந்தக் கைதட்டலுக்காகத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார். அந்த விரலை ஒடித்துப் போடலாம் போலிருந்தது.

முன்வரிசையில் தலைப்பாகைக்காரர் ஒருவர் எழுந்தார். "ஒத்த விரல்லயே நீயே வேலய முடிச்சிட்டியே சார், அப்புறம் இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு?"

எனக்காகப் பரிந்துதான் கேட்டார். ஆபீசர் முகம் செத்துப்போனது. எனக்கோ குளுகுளுவென்று இருந்தது.

அந்தச் சந்தோஷம் மாசக் கடைசி வரைதான். தற்காலிக ஆட்களுக்கு வேலை நீட்டித்தபோது என் பெயரை மட்டும் விட்டிருந்தார்கள். ஆபீசர் ரூமுக்குப் போய் ஏன் என்று கேட்டேன்.

"ஏம்பலத்துல அந்த ஆளு கேட்டாரே, இந்தப் பொண்ணு இன்னாத்துக்குன்னு? நானும் யோசிச்சுப் பாத்தேன்" என்றார், தலை நிமிராமல், கம்ப்யூட்டரை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே.