நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழாம் பொருள்

என் தங்கை கணவருக்கு வயது நாற்பத்திரண்டு. லித்தியம் பேட்டரியின் நேர்முனைக்குப் புதிய பொருள் கண்டுபிடிப்பது அவர் தொழில். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் திறக்காத அறையில், இரண்டு கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் செய்கிறார். பணி ஒப்பந்தப் பணி. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். திருமணத்தின்போது அந்த ஒப்பந்தம் இரண்டாம் ஆண்டில் இருந்தது. "அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆயிடும்" என்று அவர் வீட்டார் சொன்னார்கள். என் தந்தை அதைக் குடும்பப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னார். நான் பென்சிலால் ஏற்றினேன்.

இனி, அவர் செய்யும் வேலை. பேட்டரிக்குள் லித்தியம் இரு முனைகளுக்கு இடையே போய்வருகிறது. சார்ஜ் ஏறும்போது நேர்முனையை விட்டுக் கிளம்பும். நாம் பயன்படுத்தும்போது திரும்பி வரும். குடியிருந்தவர் வெளியேறிய பிறகும் இடிந்து விழாத வீடுதான் நல்ல நேர்முனை. மாப்பிள்ளை அப்படிப்பட்ட வீடுகளைக் கணினியில் கட்டிப் பார்க்கிறார். உலகில் எவரும் செய்திராத ஒரு பொருளை அணு அணுவாக எழுதி, அதன் ஆற்றலைக் கணக்கிடுவார். அதே அணுக்களால் ஆகக்கூடிய போட்டிப் பொருள்களின் ஆற்றலையும் கணக்கிட்டு ஒப்பிடுவார். போட்டிப் பொருள்களின் ஆற்றல் குறைவாக இருந்தால், புதுப்பொருள் உடைந்து அவையாக மாறிவிடும். இல்லையென்றால் நிற்கும். இவ்வாறு ஒன்பது ஆண்டுகளில் ஆறாயிரத்துச் சொச்சம் பொருள்களைக் கட்டிப் பார்த்திருக்கிறார். கையில் ஒரு பேட்டரியைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

இந்தக் கடைசிச் செய்தியை உறவினர் எவரும் நம்பியதில்லை. வீட்டில் அவருக்குப் 'பேட்டரி மாப்பிள்ளை' என்று பெயர். வருகிறவர்கள் எல்லாம் செத்துப்போன செல்போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். என் தங்கை ஒரு மேசை இழுப்பறையையே அதற்கு ஒதுக்கியிருக்கிறாள். நான் எண்ணியபோது ஒன்பது போன்கள் இருந்தன.

"மாப்பிள்ளை, இது காலையில ஏத்தினா மத்தியானம் படுத்துடுது. என்னன்னு பாருங்க" என்று என் தந்தை ஒருநாள் நீட்டினார்.

"மாமா, நான் பேட்டரியைத் தொட்டதே இல்லை."

"தொடாமலே ஒன்பது வருஷமா சம்பளம் வாங்குறீங்களா?"

"தொடாம இருக்கிறதுக்குத்தான் மாமா சம்பளம். தொடுறதுக்கு வேற ஆள் இருக்கார்."

அந்த வேறு ஆள் தரைத்தளத்தில் இருந்தார். கணினி சொல்லும் பொருளைத் தூள்களாகக் கலந்து, அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுட்டெடுக்கும் வேதியியலாளர். நிறுவனம் முழுவதும் அவரை 'உலைக்காரர்' என்றே அழைத்தது. அவரும் அந்தப் பெயரையே அறைக்கதவில் எழுதி ஒட்டியிருந்தார். மூன்றாம் மாடியில் கண்டுபிடிப்பு நிகழும், தரைத்தளத்தில் தோல்வி நிகழும் என்பது அந்நிறுவனத்தின் எழுதாத விதி.

ஒன்பதாம் ஆண்டில் நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழாம் பொருள் பட்டியலின் தலைக்கு வந்தது. லித்தியம், மாங்கனீசு, ஆக்சிஜன், சிறிது ஃபுளோரின். விலையுயர்ந்த உலோகம் எதுவும் இல்லை. மின்னழுத்தம் நன்றாக இருந்தது. ஒப்பீட்டில் எந்தப் போட்டிப் பொருளும் அதைத் தோற்கடிக்கவில்லை. மாப்பிள்ளை அதை இயக்குநரிடம் வெள்ளிக்கிழமை காட்டினார். திங்கட்கிழமை இயக்குநர் பத்திரிகையாளர்களிடம் காட்டினார். இடையில் இருந்த இரண்டு நாள்களில் அந்தப் பொருள் ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறவும் முப்பது ஆண்டு உழைக்கவும் கற்றுக்கொண்டிருந்தது. செய்திப் படத்தில் இயக்குநர் ஒரு கறுப்புத் தூள் புட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அது அலுவலக அச்சுப்பொறியின் மைத்தூள் என்று உலைக்காரர் பின்னர் தெரிவித்தார். அப்போது அந்தப் பொருளை எவரும் செய்திருக்கவில்லை.

நிறுவனத்தில் ஒரு நிரந்தரப் பணியிடம் அறிவிக்கப்பட்டதும் அந்த மாதத்தில்தான். நேர்காணல் ஆறு வாரம் கழித்து. இயக்குநர் மாப்பிள்ளையின் தோளில் தட்டி, "உங்களுக்கு இதெல்லாம் ஒரு சம்பிரதாயம்தான்" என்றார். என் தந்தை பென்சிலை விட்டுவிட்டுப் பேனாவை எடுக்கச் சொன்னார். நான் காத்திருந்தேன்.

தரைத்தளத்தில் உலைக்காரர் சுட ஆரம்பித்தார். முதல் வில்லை பழுப்பாக வந்தது; கேட்ட பொருள் அது இல்லை. இரண்டாவதும் பழுப்பு. வெப்பத்தைக் கூட்டினார், குறைத்தார், காற்றை மாற்றினார். ஆறாவது முறையும் அதே பழுப்புக் கட்டி. வாரக் கூட்டத்தில் இயக்குநர் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் நிக்கும்னு சொல்லுது. உங்க உலைக்கு என்ன வந்துச்சு?"

"உலை அதுக்குத் தெரிஞ்சதைச் செய்யுது சார்."

"அப்போ செய்யத் தெரிஞ்ச ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்."

கூட்டத்தில் இருந்தவர்கள் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டார். இதை அவரே என்னிடம் சொன்னார் என்பதால் பதிகிறேன்.

மறுநாள் உலைக்காரர் படியேறி மூன்றாம் மாடிக்கு வந்தார். கையில், அந்தக் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உச்சி உச்சியாகக் காட்டும் எக்ஸ்ரே வரைபடம். நேர்காணலுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

"சார், திட்ட வரலை. ஒரு சந்தேகம். இந்த உச்சி ஆறு தடவையும் ஒரே இடத்துல வருது. குப்பைன்னா தடவைக்கு ஒரு இடத்துல வரணும் இல்ல?"

மாப்பிள்ளை அந்த உச்சிகளை அளந்து, போட்டிப் பொருள்களின் பட்டியலோடு ஒப்பிட்டார். எதனோடும் பொருந்தவில்லை. பிறகு, வழக்கமாக எவரும் திறக்காத இன்னொரு கோப்பைத் திறந்தார். கணக்கு முடியாமல் பாதியில் நின்றுபோனவற்றின் கோப்பு அது. அங்கே ஒரு மாங்கனீசு சேர்மம் கிடந்தது. அதன் காந்த அமைப்பு சிக்கலானது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதன் கணக்கு எந்த விடையிலும் நிலைக்காமல் ஆடி ஆடி நின்றுபோயிருந்தது. உச்சிகள் அதனோடு அச்சாகப் பொருந்தின.

ஒப்பீட்டைச் செய்யும் நிரலை எழுதியவர் மாப்பிள்ளை. கணக்கு முடியாத பொருளைக் கண்டால் அதைத் தாண்டிப் போகும்படி அவர்தான் எழுதியிருந்தார். முடியாததை நிரல் இல்லாததாக எடுத்துக்கொண்டது. எதிராளி ஆட்டத்துக்கு வராததால் நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு வென்றிருந்தது. இயக்குநர் பதவிக்கு வந்த விதமும் ஏறக்குறைய இதுவே என்று நிறுவனத்தில் பேச்சு உண்டு. அதற்கு ஆவணம் இல்லாததால் இங்கே சேர்க்கவில்லை.

"அப்போ என் உலை மேல தப்பில்லை?" என்று உலைக்காரர் கேட்டார்.

"இன்னும் தெரியாது. கணக்கை முடிக்கணும்."

"எவ்வளவு நாள்?"

"பதினோரு நாள். வரிசையில நிக்கிறதையும் சேர்த்தா பதினாலு."

"நான் ஒரு தட்டு ஒரே நாள்ல சுட்டுத் தந்துடுவேன் சார்" என்றார் உலைக்காரர். "கம்ப்யூட்டர்னா வேகம்னு சொன்னாங்க."

பதினான்காம் நாள் காலையில் கணக்கு முடிந்தது. விடை வரைபடம் சொன்னதையே சொன்னது. போட்டிப் பொருளைச் சேர்த்துப் பார்த்தால் நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு நிற்க வழியே இல்லை, பிறந்தவுடன் உடைந்துபோகும். உலை முதல் வில்லையிலிருந்தே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இயக்குநரின் அறைக்குப் போனார். இயக்குநர் அந்தப் பொருளைப் பற்றி வெளியூரில் உரையாற்றப் போயிருந்தார். மாப்பிள்ளை மின்னஞ்சல் அனுப்பினார். அது கிடைக்கவில்லை என்று இயக்குநர் பின்னர் கூறினார். மாலை நாலு மணிக்குத் திறக்கப்பட்டதாகக் கணினியில் பதிவு இருக்கிறது.

மறுநாள் நேர்காணல். குழுவில் மூவர்: இயக்குநர், வேறு நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியை, நிர்வாக அதிகாரி. அங்கே நடந்ததை மாப்பிள்ளை என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரு சொல்கூட மாறவில்லை.

"முதல்ல நம்ம பொருளைப் பத்திச் சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

"அது நிக்காது சார்."

"நிக்காதுன்னா, இப்போதைக்குன்னு எடுத்துக்கலாமா?"

"எப்போதைக்கும் சார். உலைக்காரர் செஞ்சது சரி. தப்பு என்னோடது."

பேராசிரியை விவரம் கேட்டார். மாப்பிள்ளை பலகையில் எழுதிக் காட்டினார். பேராசிரியை மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் விடை கிடைத்தது. "இந்த மாதிரி விட்டுப்போனது எங்ககிட்டயும் இருக்கும். போய்ப் பார்க்கணும்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

நிர்வாக அதிகாரி கோப்பை மூடிவிட்டு, உண்மையான அக்கறையோடு ஒன்று கேட்டார்: "இதை நீங்க நாளைக்குச் சொல்லியிருக்கலாமே?"

"அடுத்த வாரக் கூட்டத்துல உலைக்காரரை மாத்தப் போறதா இருந்தாங்க சார். நாளைக்கு நான் பர்மனென்ட் ஆனப்புறம் சொன்னா, அவர் தலையில தப்பைப் போட்டு நான் வேலை வாங்கினதா ஆயிடும்."

பணியிடம் இன்னொரு விண்ணப்பதாரருக்குப் போனது. அவரும் கணினியில் பொருள் கண்டுபிடிப்பவர். அவருடைய பொருள்களில் ஒன்றுகூட இதுவரை உலைக்குள் போனதில்லை. ஆகவே ஒன்றுகூடத் தோற்றதில்லை. தேர்வுக் குழுவின் குறிப்பில் 'அப்பழுக்கற்ற பதிவு' என்று எழுதப்பட்டிருக்கிறது. நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு ஏன் நிற்காது என்பதை விளக்கும் கட்டுரை நான்கு மாதத்தில் வெளியானது. முதல் ஆசிரியராக இயக்குநர் பெயர் இருக்கிறது. உலைக்காரர் தரைத்தளத்தில் தொடர்கிறார். கட்டுரையில் அவருடைய எக்ஸ்ரே வரைபடம் இரண்டாம் படமாக வந்தது.

நேர்காணலன்று மாலை மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். என் தங்கை அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஒரே ஒரு நாள் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"ஆறு தடவையும் சரியாச் சுட்டுட்டு அவர் திட்டு வாங்கினார். நான் நோட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

"சட்டையைக் கழட்டுங்க. கசங்காம மடிச்சு வைக்கிறேன். அடுத்த தடவைக்கும் இதான்" என்றாள்.

என் தந்தை நாற்காலியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். "தப்பு மாப்பிள்ளையோடதுன்னு மாப்பிள்ளையே சொல்லிட்டாரா?" என்று என்னிடம் உறுதிப்படுத்திக்கொண்டார். ஆம் என்றேன். தம் போனை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"பழுதுபார்க்க இல்லை. தப்பைத் தப்புன்னு சொல்ற ஆள் நீங்க, உங்ககிட்டயே இருக்கட்டும்."

இழுப்பறையில் இப்போது பத்துப் போன்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, மூடிய சிறு புட்டியில், உலைக்காரர் கொடுத்தனுப்பிய ஆறாவது பழுப்புக் கட்டியும் இருக்கிறது. ஒப்பந்தம் பத்தாம் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதும் பதிவேட்டில் பென்சில் வரியை அழித்தேன். ஆண்டுதோறும் அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது. இம்முறை பேனாவால் எழுதியது இவ்வளவுதான்:

ஒப்பந்தப் பணி, பத்து ஆண்டுகள்.