மீன்தொட்டித் தலைவர்

என் அக்காவின் கணவர் இளையதம்பி அத்தான் முரசுமோட்டைக் கமக்கார அமைப்பு என்ற விவசாயிகள் சங்கத்துக்குப் பல வருடம் தலைவராக இருந்தவர். சிறுபோக நெல்லுக்குக் குளத்து மதகான துருசை எப்போது திறப்பது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கூட்டம் நடக்குமே, அதில் அத்தான் எழுந்தால் மைக் தேவையில்லை. வாய்க்காலின் கடைசிக் காணிக்கும் தண்ணீர் வரும் என்று சொல்லும்வரை அதிகாரிகளை மத்தியானச் சாப்பாட்டுக்கு விடமாட்டார்.

போன தலைவர் தெரிவில் அவர் வயதில் அரைவாசியே உள்ள கோகுலன் வென்றுவிட்டான். அத்தான் வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். அதன்பிறகு வாசல் படலையைத் தாண்டவில்லை. அவருடைய வயலுக்கும் நான்தான் மண்வெட்டியோடு ஓடினேன். விமலேஸ்வரி அக்கா பயந்தே போனாள்.

இதைக் கேள்விப்பட்ட மகள் சிவதர்சினி வவுனியாவிலிருந்து ஒரு கண்ணாடி மீன்தொட்டி கொண்டுவந்தாள். கொஞ்ச மீன், கொஞ்சம் நீர்ச்செடி, மேலே ஒரு விளக்கு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, தானாக எரிந்து அணைய ஒரு டைமர்.

“அரைவாசி வெளிச்சம் போதும், அப்பா. கன நேரம் எரியவிடாதேங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தான் திருகைத் தொட்டுப் பார்த்தார். அங்கேதான் சனி பிடித்தது.

“இதைக் கண்டபாட்டுக்குத் திறக்கேலாது. கூட்டம் வைக்கவேணும்.”

வெள்ளைச் சட்டை வெளியே வந்தது. அவர் தலைவர், அக்காவும் நானும் உறுப்பினர்கள். எனக்கென்ன வேலை வெட்டி இல்லையா? ஆனாலும் போனேன். மௌன அஞ்சலிகூட நடந்தது. யாருக்கென்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

“அந்த மூலைச் செடியைப் பாருங்கோ!” என்று அத்தான் முழங்கினார். “அதுதான் கடைசிக் காணி. அதுக்கு வெளிச்சம் போய்ச் சேராமல் நான் இந்தக் கதிரையிலை இருக்கமாட்டன்.”

“பிள்ளை அரைவாசி எண்டெல்லோ சொன்னவள்?” என்றாள் அக்கா.

“அதிகாரிகள் எப்பவும் அரைவாசிதான் சொல்லுவினம்.”

திருகு முழுதாகத் திறந்தது. டைமர் விடியலிலிருந்து படுக்கப்போகும்வரை ஓடியது.

முதலில் கண்ணாடி பாசி பிடித்துப் பச்சையானது, பிறகு தண்ணீரே பச்சையானது. மீன் வளர்ப்பவன் என்றால் தலையில் கை வைத்திருப்பான். அத்தானோ நெல் விதைக்கிற மனிதர். பச்சையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தெருவால் போனவர்களைக் கூப்பிட்டு, “பயிர் எப்பிடிப் பிடிச்சிருக்குப் பாத்தியளோ!” என்று காட்டினார். மீன் எங்கே என்று கேட்டவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கினார்.

பிறகு மீன்கள் காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று செத்து மிதந்தது.

“இஞ்சருங்கோ, அதுகள் மூச்சுக்குத் தவிக்குதுகள்” என்றாள் அக்கா.

“குறையிருந்தால் கூட்டத்திலை கதைக்கட்டும்” என்றார் அத்தான்.

அக்கா நினைத்திருந்தால் பிளக்கைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அவள் என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். கண் கலங்கியிருந்தது.

“தம்பி, நான் அந்தத் திருகைத் தொட்டால் அவர் திரும்பவும் சட்டையைக் கழட்டிப்போடுவார். மீனும் சாகக்கூடாது, மனுசனும் முடங்கக்கூடாது. கூட்டத்திலைதான் கேக்கப்போறன். நீ கையை உயர்த்து.”

ஊர் தோற்கடித்த மனிதனை வீடும் தோற்கடிப்பதா?

மறுநாள் அவசரக் கூட்டம். வெளிச்சத்தை அரைவாசியாக்கி நேரத்தையும் குறைக்கவேண்டும் என்று அக்கா எழுந்து நின்று கேட்டாள்.

“உறுப்பினர் விமலேஸ்வரியின்ரை பிரேரணைக்கு ஆதரவான ஆக்கள்?”

அக்காவின் கை உயர்ந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். தோற்ற அன்று பார்த்த அதே பார்வை. பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒரு விளக்கைக் குறைக்க ஒருவனை இப்படியா வதைப்பது? கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினேன்.

அத்தான் எழுந்துபோய், துருசை மூடுவதுபோல் திருகை மெல்ல மெல்லச் சுற்றினார். டைமரையும் குறைத்தார்.

“தீர்மானம் நிறைவேறிச்சுது. தோத்த தலைவர் கதிரையிலை இருக்கக்கூடாது. நான் விலகிறன்.”

சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“பொறுங்கோ!” அக்கா உயர்த்திய கையை இறக்கவில்லை. “அப்ப புதுத் தலைவர் தெரிவு செய்யவேணும். நான் இளையதம்பியைப் பிரேரிக்கிறன்.”

கல்யாணமான நாளிலிருந்து அக்கா அத்தானின் பெயரைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. அத்தானும் கேட்டிருக்கமாட்டார்.

“நான் ஆமோதிக்கிறன்!” என்று கத்தினேன்.

பொத்தானில் வைத்த கையோடு அத்தான் நின்றார். ஆனாலும் முறை முறைதானே.

“எதிர்ப்பு ஆரும் இருக்கோ?” என்று எங்களைப் பார்த்தார். பிறகு தொட்டியையும் பார்த்தார். அந்தப் பச்சைக்குள் ஒருவரும் தென்படவில்லை.

“ஏகமனதாக” என்றார். பொத்தானைப் பூட்டிக்கொண்டு நேரே போய்ப் படலையைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

“வீரகத்தி, மண்வெட்டியை எடு. எங்கடை வயலுக்குத் தண்ணி ஒழுங்கா வருதோ எண்டு பாக்கவேணும்.”

அக்காவின் கை இன்னும் மேலேதான் இருந்தது.