ஆரோக்கியசெல்வி தட்டிப் பார்த்த கற்கள்

ஆரோக்கியசெல்வியின் வலது முட்டி மூன்று வருஷமாகச் சரியாக மடங்குவதில்லை. அதனால், பாகூர் பக்கம் பிடித்த வேலையில் மேஸ்திரி குழந்தைவேல், "நீ கீழயே உக்காந்து கல்லத் தட்டு, போதும்" என்று சொன்னதும் அவள் மறுபேச்சில்லாமல் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். நின்று யோசித்தால் அவர் மனசு மாறிவிடலாம்.

பிரான்சில் நெடுங்காலம் இருந்து திரும்பிய வீட்டுக்காரக் குடும்பம் அங்கே பார்த்த கூரையை இங்கேயும் கேட்டிருந்தது. ஆந்திராவிலிருந்து லாரியில் ஸ்லேட் கல் வந்து இறங்கியது. ஒரு காலத்தில் பிள்ளைகள் எழுதிய அதே கறுப்புக் கல்தான். முழ நீளம், விரல் தடிமன்கூட இல்லை. சரிவான கூரைச் சட்டத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படியும்படி, கல்லுக்கு இரண்டு செம்பு ஆணி அடித்துப் பொருத்த வேண்டும். உள்விரிசல் உள்ள கல் கண்ணுக்குத் தெரியாது, தட்டினால் தெரியும். நல்லது கணீரென்னும். கெட்டது 'தப்' என்று வாயடைத்துப் போகும். சந்தையில் சட்டியைத் தட்டி வாங்கிப் பழகிய கைக்கு இது புதிதில்லை.

"யக்கா, என் தலயையும் ஒரு தட்டு தட்டிப் பாரேன்" என்பான் கலைவேந்தன். கூரையில் ஆணியடிப்பவன் அவன்தான்.

"ஒன்னுது தட்டாமலே தெரியும்டா. போய் வேலயப் பாரு."

ஆரோக்கியசெல்வி வில்லியனூர்ப் பக்கம் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஓர் ஊரில் பிறந்து, பத்தொன்பது வயதில் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமக்க வந்தவள். இருபத்தெட்டு வருஷம். கட்டிய கட்டடங்களை அவள் சாரத்துப் படிகளால்தான் நினைவு வைத்திருந்தாள். நெட்டப்பாக்கத்துக் கல்யாண மண்டபம் நாற்பத்தொன்று. திருபுவனைக் கம்பெனி முப்பத்தாறு. எந்தக் கட்டடம் அழகு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எது குட்டை என்று சொல்வாள். புருஷன் இறந்த வாரத்தில்கூட, அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், இருபத்திரண்டு படி ஏறினாள். அதைத் துணிச்சல் என்று யாரோ சொன்னார்கள். வேறு வழி இல்லாததற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

கூரையின் ஒரு பக்கம் முடிந்த வாரம் மழை பெய்தது. மறுநாள் காலையில் கூடத்தில் ஐந்து இடத்தில் தண்ணீர். மேஸ்திரி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"பதினோரு கல்லு விரிசல் வுட்டிருக்குது. இன்னா தட்டின நீ? காதுல இன்னா வெச்சிருந்த?"

"எல்லாம் நல்ல கல்லுதான் மேஸ்திரி. நான் தட்டாம ஒண்ணும் மேல போவல."

"அப்ப கல்லு தானா ஒடஞ்சிதா? நாளையிலேர்ந்து நீ கல்ல மேல சொம. இப்ப சொமக்கிற மகாலட்சுமி தட்டட்டும்."

நாளையிலிருந்து படி ஏற வேண்டும். முப்பத்திமூன்று. அவள் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தாள்.

அன்றைக்கே ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் வைத்து, வலதை இழுத்துக்கொண்டு. பின்னாலேயே மேஸ்திரியும் ஏறினார். மேலே உடைந்த கற்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். விரிசல் எல்லாம் ஆணித் துளையிலிருந்தே கிளம்பியிருந்தது. ஒன்றுகூட நடுவில் இல்லை. ஆணித் தலைகள் கல்லுக்குள் புதைந்திருந்தன.

அடுக்கியிருந்ததில் ஒரு கல்லை எடுத்து மேஸ்திரிக்கும் கேட்கும்படி தட்டினாள். கணீரென்றது.

"கேட்டுதா? கலை, இத நீ எப்பவும் அடிக்கிற மாதிரி அடி."

அவன் அடித்தான். நான்கு அடியில் ஆணி இறங்கிவிட்டது. ஐந்தாவதாக, பழக்கத்தில், ஓங்கி ஒன்று. அவள் குனிந்து மறுபடி தட்டினாள்.

தப்.

கலைவேந்தன் சுத்தியலைக் கை மாற்றிக்கொண்டான். "கம்பெனி ஷெட்டுக்கு ஷீட்டு போட்டவன்க்கா நானு. ஒரு புயல்ல நான் போட்ட ஷீட்டு பறந்து ரோட்டுல வுழுந்துது. நல்லவேள, ஆளு இல்ல. அதுலேர்ந்து இறுக்காம வுட்டா எனக்குத் தூக்கம் வராது."

அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பயந்தவன் இறுக்கத்தான் செய்வான்.

"வூட்ல காலண்டர் மாட்டுறியே, ஆணிய செவுத்தோட அழுத்தியா அடிக்கிற? இதுவும் தொங்கணும்பா. அடுக்கி வெச்ச கல்லே ஒண்ணு மேல ஒண்ணு பாரமா நிக்கும்."

மேஸ்திரி சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அத்தனை ஆணியையும் பிடுங்க வேண்டும். அத்தனை கல்லும் இறங்க வேண்டும்.

"இறக்கினா திரும்பத் தட்டணுமே" என்றார். மன்னிப்பு என்று எதுவும் அவர் வாயில் வரவில்லை.

"தட்டணும்."

"மகாலட்சுமிக்கு இந்தக் காது வராது. நீயே உக்காரு."

இறங்குவது ஏறுவதைவிட வலித்தது. சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு முப்பத்திமூன்றையும் இறங்கி, பழைய இடத்தில் வலது காலை நீட்டினாள். முட்டி வீங்கத் தொடங்கியிருந்தது. மேலே ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முதல் அடுக்கு அவள் பக்கத்தில் வந்து இறங்கியது. எத்தனை கல் என்று அவள் எண்ணவில்லை. அடுக்கின் மேலே இருந்த ஒன்றை எடுத்து மடியில் சாய்த்து, விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்தாள்.