போகாதி மைல்கல்

1996 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. இரவெல்லாம் பெய்த மழை நின்று அரைமணி ஆகியிருந்தது. குக்கரஹள்ளி ஏரிப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்து சாலையை மூடியிருந்தது. போகாதி மேட்டின் உச்சியில் இருந்த மைல்கல்லின் முன் சைக்கிளை நிறுத்தினேன். தோளில் கிடந்த துண்டால் ஈரக் கல்லை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, வெள்ளைச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன்.

அதில் தவறு ஏதும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த விளையாட்டைத் தொடங்கியவர் என் சம்பந்தி. அந்த ஆண்டு ஆவணியில்தான் என் பெண்ணை அவர் பையனுக்குக் கொடுத்திருந்தேன். அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். நான் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவன். இரண்டு வீடும் சரஸ்வதிபுரத்தில், நாலு தெரு தள்ளி. இருவருக்கும் சர்க்கரை, இருவரையும் மருத்துவர் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார். சும்மா மிதிப்பானேன் என்று சம்பந்தி மைசூரின் மேற்குப் பக்கத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து, இருபத்துநாலு வட்டாரங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் அடையாளம்: ஒரு மின்கம்பம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மைல்கல். விடியற்காலையில் சைக்கிளில் போய் அங்கே குறி போட்டவருக்கு அந்த வட்டாரம் சொந்தம். அவருக்கு நீலச் சாக்பீஸ், எனக்கு வெள்ளை. குறி இருக்கும்வரை மற்றவர் தொடக் கூடாது. மழையோ மாடோ அழித்துவிட்டால், முதலில் வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம். ஒருவருடைய வட்டாரங்களை நாலு பக்கமும் மற்றவர் வளைத்துவிட்டால், உள்ளே இருப்பதும் சேர்ந்து போய்விடும். இத்தனையும் அவரே எழுதிய விதிகள். நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவரிடம் பதினாலு, என்னிடம் பத்து. போகாதி மைல்கல் அவருடையது. மழை மேற்கிலிருந்து அடித்ததில் குறி கழுவப்பட்டிருந்தது. கல்லின் அடியில் கொஞ்சம் நீலம் வழிந்து நின்றது உண்மைதான். வழிந்த நீலம் குறி ஆகாது. அந்தக் கல்லோடு ஏரிக்கரையில் இருந்த அவருடைய மூன்று வட்டாரங்களும் என் வளைவுக்குள் வந்தன. பத்தும் ஒன்றும் மூன்றும் பதினாலு.

ஏழரைக்கு வழக்கமான ஓட்டலில் வரைபடத்தை விரித்தோம். தோற்றவர் டிபனுக்குக் காசு கொடுக்க வேண்டும். சம்பந்தி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீலம் தெரிஞ்சுதா, தெரியலையா? அதைச் சொல்லுங்க.”

“வழிஞ்சிருந்தது சம்பந்தி. குறி இல்லை. விதி உங்களோடது.”

பக்கத்து மேசையில் தினமும் நடைக்கு வருகிற நாலைந்து பேர் எங்கள் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பவர்கள். அவர்களில் ஒருவர் சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தபடி, “ஏன் சுவாமி, பீகரு சோலிஸ்பிட்ரா?” என்று கேட்டார். சம்பந்தி உங்களைத் தோற்கடித்துவிட்டாரா என்று கன்னடத்தில் கேட்டதுதான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பந்தி பாதித் தோசையோடு எழுந்து, கைகழுவி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஜெயித்த நானே காசு கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை பெண் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அப்பா, உங்களுக்கு நாலு கம்பம் பெருசா, நான் பெருசா?”

“என்னம்மா ஆச்சு?”

“மாமா ரெண்டு நாளா எங்கிட்டப் பேசறதில்லை. அத்தை சமையல்ரூம்ல பாத்திரத்தோட பேசறாங்க, ‘பொண்ணைக் குடுத்த வீட்டுக்கு இத்தனை மிடுக்கு’ன்னு. சும்னே ஒரு விளையாட்டுன்னு விட்டுக் குடுத்திருக்கக் கூடாதா? தலைதீபாவளிக்கு உங்க மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காதுன்னு இப்பவே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.”

தலைதீபாவளிக்கு ஒரு மாதந்தான் இருந்தது. கல்யாணமான முதல் தீபாவளிக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வராவிட்டால் தெரு முழுக்க ஏன் என்று கேட்கும். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மைல்கல்லில் நீலம் வழிந்ததற்கும் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து தோற்க ஆரம்பித்தேன். ஏழு மணிக்கு மேல் கிளம்பினேன். அழிந்த குறிகளைப் பார்த்தும் பார்க்காதவன் போலத் தாண்டிப் போனேன். சனிக்கிழமைக்குள் மைல்கல்லும் ஏரிக்கரையும் நீலமாயின.

ஞாயிறு காலை ஏரிக்கரைக் கம்பத்தடியில் சம்பந்தி எனக்காகக் காத்திருந்தார்.

“என்ன, முழங்கால் வலியா?”

“வயசாச்சு இல்ல?”

“எனக்கு உங்களைவிட ரெண்டு வயசு கூட. பிச்சை போடறீங்களா சம்பந்தி?”

என் பதிலுக்குக் காத்திருக்காமல், தன் துண்டாலேயே தன்னுடைய நீலக் குறியை அழுத்தித் துடைத்தார். அப்புறம் ஒவ்வொரு கம்பமாகப் போய்த் துடைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஜெயித்தால் மிடுக்கு, தோற்றால் பிச்சை. பெண்ணைக் கொடுத்தவன் எந்தப் பக்கம் மிதிப்பது?

அதற்கடுத்த வாரம் ஆயுத பூஜை. ஒரு கிலோ மைசூர்பாகோடு அவர் வீட்டுக்குப் போனேன். அம்மிக்கும் கத்தரிக்கோலுக்கும்கூடச் சந்தனமும் பொட்டும் வைத்திருந்தார்கள். அவருடைய சைக்கிள் மட்டும் ஒரு சாமந்திகூட இல்லாமல் சுவரோரமாகச் சாய்ந்திருந்தது.

“வண்டிக்குப் பூஜை போடலையா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அந்த டப்பாவுக்கு என்ன பூஜை? போகாதி மேட்டுல ஏறறதுக்குள்ள விடிஞ்சு போயிடுது. உங்களுது புதுசு, பறக்குது” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். சம்பந்தி அம்மாள் உள்ளேயிருந்து, “சிலருக்கு எல்லாம் அமையுது” என்றார். காபித் தம்ளரை நீட்டிய என் பெண் தரையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

“நேரா கேட்க மாட்டாங்க. நாமதான் புரிஞ்சுக்கணும்.”

“சீர் பட்டியல்ல சைக்கிள் எங்க இருந்தது? கல்யாணத்தப்போ ஒவ்வொண்ணாப் படிச்சுக் கையெழுத்துப் போட்டோமே!”

“பொண்ணு வரணுமா, வேண்டாமா?”

வாங்கினேன். என்னுடையதைவிட உயர்ந்த ரகம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, தட்டில் பழம் பாக்கோடு நானே உருட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்தினேன். “எதுக்கு இதெல்லாம்?” என்றார். சொல்லும்போதே மணியை இரண்டு தரம் அடித்துப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு அன்று மாலையே லீவு கிடைத்துவிட்டது.

தீபாவளியன்று பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தார்கள். பத்து மணிக்குச் சம்பந்தியும் புது சைக்கிளில் வந்தார். இறங்காமல், ஒரு காலை வாசல்படியில் ஊன்றியபடி சொன்னார்:

“வண்டி நல்லா ஓடுது. ஆனா ஒண்ணு சம்பந்தி, அந்தப் போகாதிக் கல்லு என்னோடதுதான். நீலம் இருந்தது.”

பெண் கூடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா, இருந்தது” என்றேன்.

அதன்பிறகு நாங்கள் விளையாடவில்லை. அவர் போகும் சாலையில் நான் போவதும் இல்லை. சைக்கிள் ஆயிரத்து நானூற்று எண்பது. டைனமோவும் விளக்கும் நூற்று அறுபத்தைந்து. கேரியர் அறுபது, பூட்டு முப்பத்தைந்து, சீட் உறை பதினெட்டு. சாக்பீஸ் ஒரு பெட்டி ஆறு. ஜெயித்த அன்று நானே கொடுத்த டிபன் காசு பதினொன்றரை. ஆக மொத்தம் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து ரூபாய் ஐம்பது பைசா.